அட்டையை மாற்றுக

அந்த ஓட்டுநரைக் கவனித்தீர்களா, அம்மா? இறங்கிப் போனாரே, நீலத் துண்டுக்காரர், அவரைச் சொல்கிறேன். திருச்செங்கோட்டிலிருந்து இந்த வேப்ப மரம் வரை ஓட்டி வந்தவர் அவர். இப்போது ஏறி உட்கார்ந்திருப்பவர் வேறொருவர். நடுவழியில் ஆள் மாறிவிட்டது. இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம், ஒருவராவது இவர் யார் என்று கேட்டோமா? இன்னும் சற்று நேரத்தில் ஓர் ஆட்டின் மேல் இந்த வண்டி ஏறிவிட்டால், ஏற்றியவர் அவரா, இவரா? வண்டிக்குத் தெரியாது. எங்கள் கல்லூரிப் பேருந்துக்குத் தெரியும், அம்மா. தெரியும்படி செய்தவள் நான்.

கூடையை மடியில் சுமக்க வேண்டாம், காலடியில் இடம் இருக்கிறது. ஆட்டையாம்பட்டி வரையா? நல்லது. சொல்லி முடிப்பதற்குள் இறங்கிவிட மாட்டீர்கள்.

என் பெயர் முனைவர் வேதவல்லி. முனைவர் என்பது பெயரில் சேராது என்று சிலர் சொல்வார்கள். வேதவல்லி என்று பெயர் வைக்க என் பெற்றோருக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. முனைவர் ஆக எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. இரண்டில் எது என்னுடையது என்று நீங்களே சொல்லுங்கள். ஆய்வுத் தலைப்பு, 'தமிழ் வினைச்சொற்களில் பொருள் மயக்கம்'. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதும், சொல்பவர் ஒன்றை நினைக்கக் கேட்பவர் மற்றொன்றைப் பிடித்துக்கொண்டு போவதும் எப்படி நிகழ்கிறது என்று தடிமனாக எழுதியிருக்கிறேன். இதுவரை யாரும் அதைப் படிக்கவில்லை. அது படிக்காதவர்களின் குறை.

இவ்வளவு படித்துவிட்டு நான் வேலை பார்ப்பது பொறியியல் கல்லூரியில். அங்கே தமிழ், பந்தியில் ஊறுகாய் மாதிரி. முதலாண்டு மாணவர்களுக்கு ஓரத்தில் கொஞ்சம் வைப்பார்கள், தொட்டவர் தொடலாம். எங்கள் தாளாளர் லாரித் தொழிலில் இருந்தவர். லாரியைவிட மாணவன் குறைவாகப் பழுதாகிறான், டயரும் மாற்ற வேண்டியதில்லை என்று கண்டுகொண்ட நாளில் கல்லூரி தொடங்கினார். நல்ல மனிதர்தான். பாடத்துக்கும் பஞ்சருக்கும் ஒரே குரலில் பேசுவார், அவ்வளவே. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, உங்களுக்கு வேலை கம்மியாத்தான இருக்குது? பஸ்ஸையும் சேத்திப் பாத்துக்கங்க."

"ஐயா, நான் தமிழ்த்துறை."

"டிரைவருங்க எல்லாரும் தமிழ்தான அம்மணி பேசறாங்க?"

இப்படித்தான் நான் போக்குவரத்துப் பொறுப்பாளர் ஆனேன்.

பொறுப்பேற்ற வாரமே பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். இராசிபுரம் போகும் பதினேழாம் எண் வண்டியைச் செங்கோடன் என்பவர் ஓட்டினார். வளைவில் அவர் திருப்பினால் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்கள் முன் இருக்கையிலிருந்து பின் இருக்கைக்குப் போகுமாம். கூப்பிட்டுக் கேட்டால், "அன்னைக்கு அந்த வண்டியில நான் இல்லீங்க மேடம்" என்றார். எந்த நாளைச் சொன்னாலும் அன்றைக்கு அவர் இல்லை. வண்டிகள் பணிமனைக்குப் போகும், மாற்று வண்டி வரும், ஓட்டுநர்கள் மாறுவார்கள். யார் எதை ஓட்டினார் என்று எவருக்கும் நினைவிராது.

இதற்குத்தான் தாளாளர் கருவி வாங்கினார். ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநருக்கு அருகில் ஒரு சிறு பெட்டி. ஒவ்வோர் ஓட்டுநருக்கும் படத்துடன் ஓர் அடையாள அட்டை. அட்டையைப் பெட்டியில் செருகினால்தான் இயந்திரம் உயிர் பெறும். வேகம், திடீர் பிரேக், கண்மூடித்தனமான திருப்பம் எல்லாம் அந்த அட்டைக்காரர் பெயரில் பதிவாகும். ஓட்டுநர் வேறு வண்டிக்குப் போனால் தம் அட்டையை உருவிக்கொண்டு போய் அங்கே செருக வேண்டும். ஆள் எந்த வண்டியில் இருந்தாலும் அவருடைய குணம் அவருடைய கணக்கிலேயே விழும். எவ்வளவு எளிது, பாருங்கள்.

கருவி நிறுவனத்திலிருந்து நிரஞ்சன் என்று ஒரு பையன் வந்தான். கழுத்தில் டை, வாயில் ஆங்கிலம். வண்டிக்குள் ஒட்ட வேண்டிய அறிவிப்பை ஆங்கிலத்தில் நீட்டினான்.

"இதைத் தமிழ்ல, 'வண்டி மாறும்போது உங்க கார்டை எடுத்து அடுத்த வண்டியில போடுங்க'ன்னு அடிச்சிடலாமா மேம்?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கார்டு! போடுங்க! இலையில் சோறு போடலாம், குப்பையைத் தொட்டியில் போடலாம். அட்டையைப் போடுவதா? ஒரு பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்த ஒருத்தி பொறுப்பில் இருக்கும் இடத்தில் இப்படியொரு வாக்கியம் ஒட்டப்படலாமா? இரவெல்லாம் எழுதினேன், அடித்தேன், எழுதினேன். இறுதியில் வந்தது:

'வாகனம் மாறும்போது அட்டையை மாற்றுக.'

நான்கே சொற்கள். மாறும், மாற்றுக என்று தன்வினையும் பிறவினையும் அடுத்தடுத்து வருகின்றன, கவனித்தீர்களா? சொல்லிப் பாருங்கள், நாக்கிலேயே நிற்கும். அச்சடித்து எல்லா வண்டியிலும் ஒட்டினேன்.

ஒட்டியதோடு விடவில்லை. ஓட்டுநர்களைப் பணிமனையில் கூட்டி நானே வாசித்துக் காட்டினேன். அர்த்தநாரி என்று ஒருவர், அவர்களில் மூத்தவர், நிதானமானவர் என்று பெயர் எடுத்தவர், எழுந்து நின்றார்.

"மாத்தறதுன்னா எங்கீங்க மேடம் மாத்தறது?"

"எந்த வண்டிக்கு மாறுகிறீர்களோ, அந்த வண்டியில்."

"அந்த வண்டிக்காரர்கிட்டீங்களா?"

"ஆம். அங்கேயேதான். உடனே மாற்ற வேண்டும். மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது."

"சரிங்க மேடம். மாத்திக்கறமுங்க."

இதைவிடத் தெளிவாக ஒருவர் விளக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

மறுநாளே என் முதல் ஆணை. செங்கோடனைப் பதினேழிலிருந்து எடுத்துச் சங்ககிரி போகும் ஒன்பதாம் எண் வண்டிக்கு அனுப்பினேன். ஒன்பதை ஓட்டிக்கொண்டிருந்த அர்த்தநாரியைப் பதினேழுக்கு அனுப்பினேன். இராசிபுரத்துப் பெற்றோர்கள் அன்றோடு வாயை மூடினார்கள். எனக்கு ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை. நம் ஊர்ப் பெற்றோர்கள் குறை சொல்லத்தான் பேருந்துச் செலவு செய்துகொண்டு வருவார்கள்.

கருவியின் அறிக்கை மாதந்தோறும் வரும், அம்மா. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணக் கட்டங்கள். முதல் அறிக்கையைத் திறந்தேன், திகைத்துப் போனேன். அர்த்தநாரி, ஒன்பதாம் வண்டி, முழுவதும் சிவப்பு! நிதானம் என்று ஊரே புகழ்ந்த மனிதர் சங்ககிரிச் சாலையில் பேயாட்டம் ஆடுகிறார்! செங்கோடன், பதினேழாம் வண்டி, வயல் மாதிரி பச்சை! திடீர் பிரேக் ஒன்றுகூட இல்லை. என்ன புரிகிறது? ஒன்று, இருவரும் என் ஆணைக்குக் கீழ்ப்படியவில்லை, பழைய வண்டியையே ஓட்டுகிறார்கள். இரண்டு, செங்கோடன் திருந்திவிட்டார். மூன்று, அர்த்தநாரியின் நிதானம் வெறும் வேடம். ஒரு கருவி மனிதனின் உள்ளே புகுந்து பார்த்துச் சொல்லிவிட்டது!

போய்ப் பார்த்தேனா என்று கேட்கிறீர்களா? எதை? எந்த வண்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றா? நான் எதற்காகப் போய்ப் பார்க்க வேண்டும், அம்மா? போய்ப் பார்க்காமல் இருப்பதற்காகத்தானே கருவி வாங்கியது! தவிர, எனக்கு வந்து போகக் கல்லூரி கார் இருந்தது. இருந்தது என்கிறேன், இப்போது இல்லை. அதற்கு வருகிறேன்.

ஒருநாள் மட்டும் பணிமனைப் பக்கம் போக நேர்ந்தது. செங்கோடன் எதிரே வந்தார். அவர் கழுத்தில் தொங்கிய அட்டையில் அர்த்தநாரியின் படம். எனக்கு மனம் நெகிழ்ந்தது. மூத்தவர் மேல் எவ்வளவு மரியாதை! நம் மக்கள் சட்டைப்பையில் தலைவர் படம் வைத்துக்கொள்வதில்லையா? அந்த மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். பின்னாலிருந்து ஒருவர், "என்ன அர்த்தநாரி, வண்டிய எடுக்கலியா?" என்று கேட்க, செங்கோடன் "எடுக்கறேன், எடுக்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்துக்கொள்வது வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

நடத்துநர் வருகிறார். மல்லசமுத்திரம் ஒன்று கொடுங்கள், தம்பி. சில்லறை இல்லையென்றால் பிறகு கொடுங்கள், பரவாயில்லை.

எங்கே விட்டேன்? ஆம், மாதங்கள் போயின. அர்த்தநாரி சிவந்துகொண்டே போனார். அவரை விசாரணைக்கு அழைத்தேன். நியாயமாகத்தான் நடந்தேன், அம்மா. உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். அதன் பிறகுதான் கேட்டேன்.

"நீங்கள் பதினேழாம் வண்டிக்கு மாறினீர்களா?"

"மாறிட்டனுங்க மேடம். நீங்க சொன்ன அன்னைக்கே."

"அட்டையை மாற்றினீர்களா?"

"மாத்திட்டனுங்க."

"அப்படியானால் உங்கள் அட்டை எப்படி ஒன்பதாம் வண்டியில் ஓடுகிறது?"

"மாத்துனா அங்கதானுங்க மேடம் ஓடும்."

எவ்வளவு திமிர், பார்த்தீர்களா? நான் பொறுமையை இழக்கவில்லை.

"மாற்றினால் பதினேழில் அல்லவா ஓட வேண்டும்?"

"மாத்தாம இருந்திருந்தா பதினேழுல ஓடுமுங்க. நாங்கதான் மாத்திட்டமுங்களே."

அவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"வேணுமின்னா நாளைக்கு வந்து பாருங்க மேடம். நான் பதினேழுலதான் இருக்கறன். ஏறுற புள்ளைங்களக் கேளுங்க."

"பிள்ளைகள் மனிதர்கள், ஐயா. மனிதர்கள் பொய் சொல்வார்கள். கருவி சொல்லாது."

அப்போதுதான் அவர் குரல் இறங்கியது.

"மேடம், எம் பொண்ணு இங்கதான் படிக்குதுங்க. வேலை போச்சுன்னா அதோட படிப்பும் போயிருமுங்க."

எனக்குத் தெரியும். ஊழியர்களின் பிள்ளைகளுக்கு எங்கள் கல்லூரியில் கட்டணம் கிடையாது. அவருடைய மகள் மேகலா என்னுடைய முதலாண்டு வகுப்பில்தான் இருக்கிறாள். கெட்டிக்காரப் பெண், எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் பகுதி விகுதி பிரித்து வைத்துவிடுவாள். ஆனால் மகள் இலக்கணத்தில் நன்றாக இருக்கிறாள் என்பதற்காகத் தந்தை சாலையில் எப்படி வேண்டுமானாலும் போகலாமா? 'மாற்றியதை மும்முறை ஒப்புக்கொண்டார். வருத்தம் தெரிவிக்கவில்லை' என்று எழுதிக்கொண்டேன். ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று கேட்டு மெமோ கொடுத்தேன். ஆயுத பூசை முடிந்ததும் முடிவு என்றேன். நல்ல நாளில் ஒருவர் வயிற்றில் அடிக்க எனக்கு விருப்பமில்லை, நானும் மனுஷிதானே.

ஆயுத பூசையன்று பணிமனை வாசலில் பந்தல் போட்டார்கள். கழுவி, சந்தனம் தெளித்து, வாழைக்கன்று கட்டி வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தாளாளர், ஓட்டுநர்கள், அவர்களுடைய குடும்பங்கள், மாணவர்கள், எல்லோரும் இருந்தார்கள். சிறந்த ஓட்டுநர் என்று ஒருவருக்குப் பரிசு கொடுக்கலாம் என்று சொன்னவளும் நான்தான். ஓர் எவர்சில்வர் அண்டா. நிரஞ்சன் பெரிய திரை ஒன்றைக் கட்டியிருந்தான். பரிசு பெறுபவர் மேடையில் தம் அட்டையைப் பெட்டியில் செருக வேண்டும், அவருடைய படமும் பெயரும் திரையில் மின்னும், கைதட்டல். அதுதான் ஏற்பாடு.

நான் ஒலிபெருக்கியில் பேசினேன். ஒரு மனிதன் எப்படித் திருந்துகிறான், ஒரு கருவி அதை எப்படிக் கண்டறிகிறது, ஒரு வாக்கியம் எப்படி ஒரு நிறுவனத்தையே ஒழுங்குபடுத்துகிறது என்று விளக்கினேன். பொரி தின்னும் சத்தம்கூட நின்றுவிட்டது. செங்கோடனை அழைத்தேன். அவர் தயங்கித் தயங்கி வந்தார். அட்டையைச் செருகினார்.

திரையில் அர்த்தநாரி.

படம் பெரிதாக, மீசையோடு, 'வணக்கம் அர்த்தநாரி' என்று.

நிரஞ்சன் அட்டையை உருவிவிட்டு மறுபடியும் செருகினான். மறுபடியும் வணக்கம் அர்த்தநாரி.

தாளாளர், "என்னய்யா, உன்ற கார்டு எங்க?" என்றார்.

"இதுதானுங்க."

"இது அர்த்தநாரி கார்டு!"

"ஆமாங்க. என்றது அவருகிட்ட இருக்குதுங்க. வண்டி மாறும்போது கார்டை மாத்தோணும்னு மேடம் சொன்னாங்க. ஒட்டியும் வச்சிருக்கறாங்க. அன்னைக்கே ரெண்டு பேரும் மாத்திக்கிட்டமுங்க. மாத்தாம வண்டிய எடுக்கப்படாதுன்னு வேற சொன்னாங்க."

கூட்டத்திலிருந்து ஒரு குரல், "நானும் மாத்திக்கிட்டனுங்க" என்றது. "நானுங்க." "எங்கிட்ட இருக்கறது யாருதுன்னே தெரியலீங்க, இதோட நாலாவது கை மாறுது." ஒவ்வொருவராகக் கழுத்து அட்டையைத் தூக்கிப் பிடித்துத் திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் மாதிரி அட்டையில் இருந்தவரைத் தேடிக்கொண்டு நின்றார்கள். வண்டி மாறும்போதெல்லாம் பழைய வண்டியோடு தம் அட்டையை விட்டுவிட்டு, புது வண்டிக்காரரின் அட்டையை வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

தாளாளர் நிரஞ்சனிடம் திரும்பினார். "அப்ப இத்தனை மாசமா மிஷினு யாரைய்யா பாத்துச்சு?"

"சார்... வண்டியைத்தான் சார் பாத்திருக்கு."

"வண்டியப் பாக்க எனக்குக் கண்ணு இருக்குதேய்யா!"

பிறகு சிரித்தார், அம்மா. தோளில் இருந்த துண்டு நழுவி விழுகிற அளவுக்குச் சிரித்தார். நான் அமைதியாக ஒலிபெருக்கியை வாங்கினேன். "மாற்றுக என்றால் இடம் மாற்றுக என்று பொருள். ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்க என்று பொருளில்லை. அவ்வாக்கியத்தில் இடம் என்ற சொல் தொக்கி நிற்கிறது" என்றேன்.

"எங்கீங்க நிக்குது?" என்று செங்கோடன் சுற்றிலும் பார்த்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள். ஒரு மொழி சாகும்போது சுற்றி நிற்பவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள் போலும்.

அண்டாவை அர்த்தநாரிக்குக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கவில்லை. "மொதல்ல எம் மேல இருக்கற மெமோவ எடுங்க முதலாளி, அண்டா அப்பறம் பாக்கலாம்" என்றார். கூட்டத்தின் முன்னால்! நியாயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. தாளாளர் என்னிடம் சொன்னார்:

"அம்மணி, அந்த மெமோவ ரத்துப் பண்ணி இன்னைக்கே எழுதி ஆபீசுக்குக் குடுத்துருங்க. வழவழன்னு எழுதாதீங்க. ஒரே வரி."

அதோடு நிறுத்தினாரா? பொரிப் பொட்டலத்தைக் கிழித்து, அதன் பின்புறத்தில் பேனாவால் தாமே, 'உன் கார்டை எடு. அடுத்த வண்டியில் போடு' என்று எழுதி, "இதை ஒட்டுங்கய்யா" என்று நீட்டினார். உன்! எடு! போடு! இன்றைக்கும் எங்கள் வண்டிகளில் அதுதான் ஒட்டியிருக்கிறது. ஓட்டுநர்கள் ஒருவர்கூடத் தவறு செய்வதில்லை என்கிறார்கள். இருக்கலாம். மாட்டை அதட்டினாலும்தான் நகர்கிறது.

நான் அன்றே எழுதினேன். ஒரு நிரபராதியின் மேல் விழுந்த பழியைத் துடைப்பதற்குரிய சொல் எது? யோசித்தேன். குற்றச்சாட்டிலிருந்து, களங்கத்திலிருந்து, மன உளைச்சலிலிருந்து ஒருவரை வெளியே கொண்டுவரும் சொல். எழுதினேன்:

'ஓட்டுநர் திரு. அர்த்தநாரி இன்று முதல் விடுவிக்கப்படுகிறார்.'

ஒரே வரி. சொன்னபடி. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

அலுவலகத்தில் நாச்சிமுத்து என்று ஒரு கண்காணிப்பாளர். முப்பது வருடமாக அலுவலகத் தாள்களைத் தவிர வேறெதையும் படித்திராத மனிதர். வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு 'பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்' என்று அவர் நூறு முறை தட்டச்சுச் செய்திருப்பார். என் வரியைப் படித்தார். பதிவேட்டில் அர்த்தநாரி பெயரை அடித்தார். அட்டையை முடக்கும்படி நிரஞ்சனிடம் சொன்னார். மேகலாவின் கட்டணச் சலுகையையும் நீக்கினார். கடமையில் அவரை மிஞ்ச ஆளில்லை, அது உண்மை.

மறுநாள் காலை அர்த்தநாரி தம் சொந்த அட்டையை, தம் சொந்தப் படத்தோடு, பதினேழாம் வண்டியில் செருகியிருக்கிறார். வண்டி கிளம்பவில்லை. சிவப்பு விளக்கு. வாயிற்காவலர் வந்து, "அண்ணா, உங்களை விடுவிச்சுட்டாங்களாமா" என்று காகிதத்தைக் காட்டியிருக்கிறார். அவர் இரண்டு முறை படித்தாராம். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, சாலைக்கு நடந்து போய், பேருந்து ஏறி ஊருக்குப் போய்விட்டார். அண்டா அங்கேயே, பணிமனையில் கிடக்கிறது.

பதினேழுக்கு யாரை அனுப்புவது? கையில் இருந்தவர் செங்கோடன். சாப்பாட்டு டப்பாக்கள் மறுபடியும் பறக்கத் தொடங்கின. பெற்றோர்கள் மறுபடியும் வந்தார்கள், இந்த முறை நேராகத் தாளாளரிடம்.

தாளாளர் என்னைக் கூப்பிட்டார். இந்த முறை சிரிக்கவில்லை.

"என்ன எழுதிக் குடுத்தீங்க அம்மணி?"

"விடுவிக்கப்படுகிறார் என்று எழுதினேன், ஐயா. குற்றத்திலிருந்து. குற்றத்திலிருந்து என்ற சொல் அங்கே..."

"தொக்கி நிக்குதா?"

ஆம் என்று தலையசைத்தேன்.

"கார வுட்டுட்டு பஸ்ஸுல போங்க. போய் அந்த மனுசனக் கூட்டிட்டு வாங்க. அவரு வராம நீங்களும் வராதீங்க."

அந்த வாக்கியத்தைப் பலமுறை பிரித்துப் பார்த்துவிட்டேன், அம்மா. அதில் பொருள் மயக்கம் எதுவும் இல்லை.

நேற்று மேகலா என் அறைக்கு வந்தாள். கட்டணச் சீட்டு கையில் இருந்தது. அழுதிருந்தாள், ஆனால் என் முன்னால் அழவில்லை. "மேம், புது ஆர்டர் எழுதி என்கிட்ட குடுத்து விடுறீங்களா?" என்று அவளே கேட்பாள் என்று நினைத்தேன். எழுதக்கூடத் தொடங்கிவிட்டேன். அவள் தடுத்துவிட்டாள்.

"எழுத வேண்டாம் மேம். அப்பா எழுதுறதை வாங்க மாட்டேங்கறாரு. 'அந்த மேடம் எழுதுனா எதுலயாவது கொண்டுபோய் வுட்டுரும் கண்ணு. நேருல வந்து வாயால ஒரு வார்த்தை கூப்பிடட்டும், அடுத்த நிமிசம் கெளம்பறன்'னு சொல்லிட்டாரு."

"ஒரு வார்த்தையா?"

"ஒரு வார்த்தை போதும் மேம். நல்லாப் புரியற மாதிரி."

அதனால்தான் மல்லசமுத்திரம், அவருடைய ஊர். இன்று வருகிறேன் என்று மேகலாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் படிப்பும் என் பிழைப்பும் இப்போது என் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. என்னிடம் வாக்கியம் தயாராக இருக்கிறது. கேட்கிறீர்களா? ஊர் வருவதற்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடுகிறேன்.

'ஐயா, தாங்கள் திரும்ப வேண்டும்.'

எப்படி? பணிவும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. என்ன? முதுகைக் காட்டச் சொல்வதுபோல இருக்கிறதா? ஒரு பெரிய மனிதர் வீட்டு வாசலில் நின்று அவரைத் திரும்பச் சொன்னால் அவர் முதுகையா காட்டுவார்? காட்டுவாரா? ...சரி, உங்களுக்கே அப்படித் தோன்றினால் வேண்டாம். இன்னொன்று வைத்திருக்கிறேன்.

'தாங்கள் வந்து வண்டியை எடுத்துவிட வேண்டும்.'

ஏன் தலையாட்டுகிறீர்கள்? வண்டியை எடுத்து எங்கே வைக்கச் சொல்கிறேன் என்று கேட்பாரா? அம்மா, நீங்கள் கல்லூரியில் படித்தீர்களா? இல்லை, சும்மாதான் கேட்டேன். முறுக்கு வியாபாரமா? முறுக்கு வியாபாரத்தில் இவ்வளவு பொருள் மயக்கத்தை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?

அப்படியானால் நீங்கள் என்னதான் சொல்வீர்கள்?

'வாங்க' என்றா?

அவ்வளவுதானா? பெயர் வேண்டாமா, விளி வேண்டாமா? எங்கே, எதற்கு, எப்போது, ஒன்றும் வேண்டாமா? வெறும் வாங்க?

நிறுத்தம் வந்துவிட்டது. கொஞ்சம் காலை ஒதுக்குங்கள், கூடையை மிதித்துவிடப் போகிறேன். அதோ, அந்தப் பெட்டிக்கடையோரம் வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிறாரே, அவர்தான். பக்கத்தில் மேகலா. கையில் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கிறார், அம்மா! கிளம்பியே நிற்கிறார். பேருந்தைத்தான் பார்க்கிறார். மீதிச் சில்லறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், தம்பி, ஒரு நிமிடம் வண்டியை நிறுத்துங்கள்.

வாங்க. வாங்க. சரியாக வருகிறதா? வாங்க.

ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், அம்மா. கடை வாசலில் நிற்கிற மனிதரைப் பார்த்து 'வாங்க' என்று சொன்னால், எதை வாங்க என்று அவர் கேட்கமாட்டாரா?